சயாமுக்குப் போனவர்களும் கல்லறைத் திருநாளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவில் ஹோலி டிரினிட்டி ஆலயத்தை ஒட்டிய பழைய ஆங்கிலிக்கன் இடுகாட்டில் மூன்று தோட்டத் துரைகளின் கல்லறைகள் இருக்கின்றன. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் அவர்கள். அதையடுத்து வந்த மலாயா அவசரகாலத்தில் மாண்ட போலீஸ்காரர்களும் சிப்பாய்களும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதம் மலர்வளையம் வைத்து அவர்களை நினைவுகூர்கிறார்கள். தைப்பிங் போர்க் கல்லறையிலும் அப்படித்தான். 850க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கம். பெயர் தெரியாமல் போன வீரனுக்கும் ஒரு கல் நிற்கிறது. சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் காஞ்சனாபுரியில், ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் மாண்ட ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகளுக்கு வரிசை பிசகாமல் கல் நட்டுப் புல் வளர்த்திருக்கிறார்கள். பேராக் தோட்டங்களிலிருந்து அதே ரயில் பாதைக்குப் போய் மாண்ட தமிழருக்கு அந்தக் கல்லறையில் ஒரு கல்லும் இல்லை.

ஒரு தோட்டமே அடிபட்டு நிற்கும்போது கிறிஸ்தவ விசுவாசம் அந்த மக்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்க முடியாமல் போனது? பிரசங்க மேடையில் இதற்குப் பதில் எப்போதும் தயார்: தேவசித்தம், நித்திய ஜீவன், பரலோகத்தில் சந்திப்போம். பேராக்கின் நூறாண்டு அனுபவத்தைத் துருவிப் பார்த்தால் எனக்குப் படுவது வேறு. இறந்தவருக்கென்று ஒரு பெயர், ஒரு நாள், ஓர் இடம், ஒரு பாட்டு ஆகியவற்றைத் திருச்சபை எங்கே ஒதுக்கிக் கொடுத்ததோ அங்கே துக்கம் தாங்கக்கூடியதாயிற்று. அந்த நான்கில் ஒன்று குறைந்த இடத்தில் எவ்வளவு உருக்கமான பிரசங்கமும் பாதி வேலையைத்தான் செய்தது.

யார் இந்தக் கிறிஸ்தவர்கள்? எண்ணிக்கையில் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் நூற்றுக்கு ஆறு பேர்தான் கிறிஸ்தவர்கள். பேராக்கில் அவர்களுடைய வேர் பழையது. பிரெஞ்சு மறைப்பணியாளர் ரெனே ஃபே 1880களில் பாகான் செராய் வட்டாரத்தில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்தினார். பின்னாளில், 1896இல், அவரே மலாக்கா ஆயரானார். ஈப்போவில் சிலிபின் லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் மையமாக வளர்ந்தது. மெதடிஸ்ட் போதகர் ஹோர்லி 1895இல் ஈப்போவுக்கு வந்து பள்ளிக்கூடமும் சபையும் தொடங்கினார். தரங்கம்பாடி மரபில் வந்த லூத்தரன்கள், யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கும் கிராணி வேலைக்கும் வந்த ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்ட்களும் என்று கூட்டம் கலந்தேதான் சேர்ந்தது. தோட்டத்தில் நிலைமை வேறு. சாமியார் மாதம் ஒருமுறை வந்தாலே அதிகம். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலை சொல்லிக்கொடுப்பவர் அவர். சாகப்போகிறவனின் தலைமாட்டில் உட்காருபவரும் குழியருகில் நின்று ஜெபம் சொல்லுபவரும் அவரே. தோட்டத்துக் கிறிஸ்தவத்தின் முதுகெலும்பு அந்த உபதேசியார்தான் என்பது என் கட்சி. ஆலய வரலாறுகளில் கோபுரம் கட்டிய சாமியார்களுக்கு நான்கு பக்கம் ஒதுக்கி, அவருக்கு நான்கு வரி ஒதுக்குவார்கள்.

1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியர் ஈப்போவைப் பிடித்தார்கள். புத்தாண்டையொட்டிக் கம்பாரில் பெரும் சண்டை நடந்தது. ஆங்கில, அமெரிக்க மறைப்பணியாளர்களில் தப்பாதவர்கள் சாங்கி முகாமுக்குப் போனார்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளின் பாரம் ஒரே நாளில் தமிழ்ப் போதகர்கள் தலையில் விழுந்தது. பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். பிரான்சில் அப்போதிருந்த விஷி அரசு ஜப்பானுக்கு எதிரியல்ல என்பது காரணம். ஏற்றுமதி நின்றதால் ரப்பருக்கு மதிப்பில்லை. பால்மரம் வெட்டுகிறவனுக்குக் கூலியும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு சோறானது. அந்த நேரத்தில்தான் ரயில் பாதை போடச் சயாமுக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள்.

முதலில் ஆசை காட்டினார்கள்: மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு, துணி. போனவன் திரும்பவில்லை. பிறகு ஆள் பிடித்தார்கள். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கொடுக்கப்பட்டது. கிராணியும் தண்டலும் பட்டியல் போட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு அழைத்துக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையைப் பல தோட்டங்களில் முதியவர்கள் சொல்லக் கேட்கலாம். மூடிய சரக்கு வண்டியில் நாள்கணக்கில் வடக்கே போய் பான் போங்கில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. சயாமிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் காலரா வந்தபோது, போர்க் கைதிகளின் முகாமில் அவர்களுடைய இராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கட்டாயப்படுத்த ஓர் அதிகாரி இருந்தார். தமிழர் முகாமில் ஆற்றுத் தண்ணீர்தான். குடும்பத்தோடு போனவர்களும் இருந்தார்கள். பெண்டு பிள்ளைகளும் அங்கேயே மடிந்தார்கள்.

போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் கணக்கு, மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 78,000 பேர் என்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர். இறந்தவர்கள் சுமார் 30,000. இரண்டுமே குறைத்துச் சொன்ன எண்கள் என்று தமிழ்க் குடும்பங்களும் ஆய்வாளர் சிலரும் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். என் கவனம் அந்தக் கணக்கில் இருக்கும் இன்னொரு கட்டத்தின் மேல் விழுகிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ‘ஓடிப்போனவர்கள்’ என்று அதில் எழுதப்பட்டிருக்கிறார்கள். ஓடியவன் எங்கே போனான்? காட்டில் செத்தானா, சயாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டானா, பர்மாப் பக்கம் போனானா? பேராக்கில் அவனுக்காகக் காத்திருந்தவளுக்கு இந்த மூன்றும் ஒன்றல்ல. அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் பாலின் பாஸ், போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து 1999இல் ஒரு நூல் எழுதினார். உடல் கிடைக்காத இழப்பில் துக்கம் ஆரம்பிக்கவே முடியாமல் உறைந்துவிடும் என்பது அவர் கண்டது. சுங்கை சிப்புட் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் 1946இல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அதைச் சொல்ல ஒரு நூல் தேவைப்பட்டிருக்காது.

இங்கேதான் கிறிஸ்தவ விசுவாசம் ஆறுதலாகவும் முட்டுக்கட்டையாகவும் ஒரே நேரத்தில் நின்றது. கத்தோலிக்கத் திருமணம் சாவால் மட்டுமே முறியும். கணவன் செத்தான் என்று உறுதியாகாமல் மனைவி மறுமணம் செய்ய முடியாது. 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் சரி, 1983இன் புதிய தொகுப்பும் சரி, ஆள் நெடுநாள் காணவில்லை என்பதை மட்டும் சாவுக்குச் சான்றாக ஏற்பதில்லை. சாட்சி வேண்டும், சாட்சி இல்லாவிட்டால் ஊர்ப்பேச்சு, சூழ்நிலை எல்லாவற்றையும் விசாரித்து ஆயர் ‘இறந்ததாகக் கருதலாம்’ என்று தீர்ப்புத் தர வேண்டும். இருபத்திரண்டு வயதில் கையில் ஒரு குழந்தையோடு நிற்கும் பால்மரம் வெட்டும் பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவன் வந்து, நான் பார்த்தேன், காலராவில் போய்விட்டான், மூங்கில் அடுக்கி எரித்தோம் என்று சாமியாரிடம் சொன்னால்தான் அவளுக்கு விடுதலை. அந்தச் சாட்சியம் ஒரே நேரத்தில் அவளுடைய நம்பிக்கையைக் கொன்றது, அவளுக்கு ஒரு வாழ்க்கையையும் திறந்துவிட்டது. சட்டம் கடுமையானது என்று சொல்வது எளிது. ஆனால் இறந்தவனைப் பற்றி யாரோ ஒருவர் உட்கார்ந்து விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திய ஏற்பாடு அன்றைய மலாயாவில் வேறு எது இருந்தது? தோட்ட நிர்வாகம் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளை எடுத்தது. ஜப்பானியர் கணக்கில் அவன் ஒரு தலை.

உடல் இல்லாதவனுக்கு எங்கே போய் மெழுகுவர்த்தி கொளுத்துவது? நவம்பர் 2, சகல ஆன்மாக்கள் நாள். தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லில் கல்லறைத் திருநாள். ஒரு வாரத்துக்கு முன்பே லாலான் புல்லை வெட்டி, கல்லறையைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்று மாலை சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பம் குடும்பமாக நிற்க, குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாகப் போவார். இடுகாட்டின் நடுவில் ஒரு பெரிய சிலுவை இருக்கும். தனக்கென்று கல்லறை இல்லாதவர்கள் அதன் அடியில் கொளுத்துவார்கள். ஊரில் புதைக்கப்பட்ட தகப்பனுக்கு, இடம் தெரியாமல் போன குழந்தைக்கு, சயாமுக்குப் போனவனுக்கு. அந்தச் சிலுவையடியில் மெழுகு உருகி ஓடித் தரையெல்லாம் வழுக்கும். வெயிலில் உறைந்த மெழுகைச் சுரண்டி எடுக்கவே மறுநாள் ஒருவர் வேண்டும். நவம்பர் மாதம் பூசைக்கு உறையில் இறந்தவர் பெயர்களை எழுதிக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. மாதம் முழுக்க அந்த உறைகள் பீடத்தருகே இருக்கும். பேரன் காலத்தில் பெயர் மறந்துபோயிருந்தாலும் ‘அப்பாவின் பெரியப்பா’ என்று எழுதலாம்; உறவுமுறையே பெயராகிவிடும். ஆறுதலின் எந்திரம் இவ்வளவுதான். உயர்ந்த இறையியல் ஒன்றும் இதில் இல்லை. இறந்தவனுக்கு இன்னும் ஏதோ செய்யலாம், அவன் கணக்கு முடிந்துவிடவில்லை என்ற எண்ணம்தான் இதைத் தாங்குகிறது.

புராட்டஸ்டன்ட் சபைகளில் இந்த வழி கிடையாது. இறந்தவருக்காக ஜெபிப்பதில்லை என்பது அவர்களுடைய சீர்திருத்தத்தின் அடிப்படைகளில் ஒன்று. மெதடிஸ்ட் வீட்டில் நடப்பது நினைவு ஆராதனை. வாசகம், பாட்டு, பிரசங்கம் எல்லாம் உயிரோடு இருப்பவரைப் பார்த்தே. இதனால் அவர்களுக்கு ஆறுதல் குறைவு என்று சொல்லிவிட முடியாது. சபையார் வீடு தேடி வருவதில், மாதக்கணக்கில் சோறு கொண்டுவந்து கொடுப்பதில், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவை எடுத்துக்கொள்வதில் தமிழ் மெதடிஸ்ட்களும் லூத்தரன்களும் கத்தோலிக்கரை விஞ்சியதுண்டு. ஆனால் உடல் இல்லாத சாவில் நினைவு ஆராதனையை எந்த நாளில் வைப்பது? செத்த நாள் தெரியாதே. கத்தோலிக்கர் நாட்காட்டியில் அதற்கென்று ஒரு பொது நாள் இருந்தது. இவர்கள் ஒன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தோட்டத்தில் சாவு விழுந்தால் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அதில் இந்து, கிறிஸ்தவர் வேறுபாடு இருந்ததில்லை. மார்பில் அடித்துக்கொண்டு அழுவதை மறைப்பணியாளர்கள் விரும்பியதில்லை. உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இல்லாதவன்தான் அப்படி அழுவான் என்பது அவர்கள் போதனை. ஆனால் அவர்களே இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். தபசு காலத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம், 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் உழைத்த கோவாக் குருவானவர் யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழில் எழுதியது. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் அதை நீட்டி இசைத்து வாசிப்பார்கள். மகனை இழந்த தாயின் அழுகைக்கு அங்கே சபையின் அனுமதி இருக்கிறது, ஏன், கட்டளையே இருக்கிறது. பெரிய வெள்ளியன்று வியாகுல மாதாவைத் தூக்கிவரும்போது அழும் பெண்கள் யாருக்காக அழுகிறார்கள் என்று எந்தச் சாமியாரும் விசாரித்ததில்லை. சயாமுக்குப் போன தன் பிள்ளையின் பெயரை ஒரு தாய் அந்த அழுகைக்குள் சேர்த்துக்கொண்டால் யாருக்கும் கேட்காது. மேடையில் தடுத்த ஒப்பாரி ஊர்வலத்தில் உள்ளே வந்துவிட்டது. தமிழ்க் கிறிஸ்தவம் தன் மக்களுக்குச் செய்த பெரிய உபகாரங்களில் ஒன்றாக இதை நான் வைப்பேன். திட்டமிட்டுச் செய்ததல்ல என்றாலும்.

பேராக், போர்க்காலம், கத்தோலிக்க விசுவாசம் என்றதும் எல்லோருக்கும் சிபில் கார்த்திகேசுவின் பெயர்தான் நினைவுக்கு வரும். அது நியாயம்தான். 1899இல் மேடானில் பிறந்த யுரேசியப் பெண், மருத்துவச்சி. கணவர் டாக்டர் கார்த்திகேசு அவரை மணப்பதற்காகக் கத்தோலிக்கரான தமிழர். ஈப்போவில் மருந்தகம் நடத்திய தம்பதி ஜப்பானியர் நெருங்கியதும் பாப்பான் என்ற ஊருக்குப் போனார்கள். காட்டிலிருந்து வந்த கெரில்லாக்களுக்குச் சிபில் இரவில் மருத்துவம் செய்தார். ரேடியோ வைத்துச் செய்தி கேட்டார். 1943இல் பிடிபட்டு ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெத்தாயிடம் பட்ட சித்திரவதையில் நடக்கும் திறனையே இழந்தார். கண்முன் சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டியபோதும் பெயர்களைச் சொல்லவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்றவர், 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார். அடுத்த ஆண்டு உடலைக் கொண்டுவந்து ஈப்போவில் புனித மிக்கேல் ஆலயத்தருகே கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அவருடைய நினைவுநூல் 1954இல் வெளிவந்தது. ஜெபமும் புனித அந்தோணியார் பக்தியும் அவருக்குத் துணையாக இருந்ததில் ஐயமில்லை. ஆனால் இதையே விசுவாசம் தரும் ஆறுதலுக்கு அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் எதற்காகத் துன்பப்படுகிறோம் என்று அறிந்து துன்பப்பட்டார். தானே தேர்ந்தெடுத்த பாதை அது. அவருக்குப் பெயர் உண்டு, கல்லறை உண்டு, புத்தகம் உண்டு. படம் பார்க்கப் போன இடத்தில் லாரியில் ஏற்றப்பட்டவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மறைசாட்சியின் துயரத்துக்குச் சபையிடம் எப்போதும் சொற்கள் உண்டு. காரணமில்லாமல் நசுங்கிப்போனவனின் துயரத்துக்குத்தான் சொற்கள் போதவில்லை.

ஏன் எங்களுக்கு இப்படி? இந்தக் கேள்விக்கு வேதத்தில் ஒரு நேரடிப் பதில் மறுப்பு இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி லூக்கா 13ஆம் அதிகாரத்தில் பேச்சு வருகிறது. அவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகளா என்ற எண்ணத்தை இயேசு அங்கே அடியோடு தள்ளிவிடுகிறார். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. இதைத் தெரிந்தும் சில மேடைகளில் வேறு சரக்கு விற்கிறது. மலேசியத் தமிழரிடையே சில பத்தாண்டுகளாக வளர்ந்துள்ள சுயாதீனச் சபைகளில் பாட்டும் கண்ணீரும் கைதட்டலும் உண்டு. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் உண்டு. அந்த நன்மையை மறுக்கக் கூடாது. ஆனால் விபத்தில் பிள்ளையை இழந்த வீட்டில் போய் முன்னோர் சாபம், விக்கிரகச் சாபம் என்று பேசுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது ஆறாத புண்ணில் உப்பு. அமெரிக்க உளவியலர் கென்னத் பார்கமென்ட் 1995 ஓக்லஹோமா நகர குண்டுவெடிப்புக்குப் பிறகு அருகிலிருந்த சபைகளின் உறுப்பினர்களை ஆராய்ந்தார். கடவுள் கூடவே இருக்கிறார், சபையார் தாங்குகிறார்கள் என்று பற்றிக்கொள்வதும், கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று மருளுவதும் இரண்டு வெவ்வேறு வழிகள் என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வழியில் போனவர்களிடம் மனச்சுமை கூடியிருந்தது. விசுவாசம் எப்போதும் மருந்தாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எந்த வகை விசுவாசம் என்பதைக் கேட்டாக வேண்டும்.

ரயில் பாதைக்குப் பிறகு வந்த துயரம் சத்தமில்லாதது. அதனாலேயே அதைத் துயரம் என்று ஒப்புக்கொள்ளப் பலர் தயங்குகிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு வந்தது. 1980க்கும் 2000க்கும் இடையில் ஏறத்தாழ 300,000 இந்தியர்கள் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வேலையோடு லயம் போயிற்று. லயத்தோடு மாரியம்மன் கோயிலும் அந்தோணியார் சிற்றாலயமும் தமிழ்ப் பள்ளியும் போயின. கடைசியில் இடுகாடும் போயிற்று. சொரூபத்தை லாரியில் ஏற்றி நகரத்து ஆலயத்துக்குக் கொண்டுபோய்விடலாம். தோட்டத்துக் குழியில் கிடக்கும் பாட்டியை எப்படிக் கொண்டுபோவது? செம்பனை நட்ட பிறகு எந்த வரிசையில் குழி இருந்தது என்றே தெரியாது. இந்தச் சிதறலுக்குத் திருச்சபை தந்த பதிலில் ஒரு பகுதி பாராட்டத்தக்கது. தீபகற்ப மலேசியக் கத்தோலிக்கக் குருக்கள் 1976 ஆகஸ்ட் மாதம் முழுவதும் பினாங்கில் கூடித் தங்கள் பணியை மறுபரிசீலனை செய்தார்கள். ஆலயத்தை மட்டும் நம்பாமல் பத்துப் பதினைந்து குடும்பங்கள் வீடுகளில் கூடும் சிறு சமூகங்களை அங்கே முடிவுசெய்தார்கள். ஈப்போவின் மலிவு வீடுகளில் ஒருவரையொருவர் அறியாமல் ஒண்டியிருந்த முன்னாள் தோட்டக் குடும்பங்களுக்கு அந்தக் கூட்டம் லயத்து வாசலின் ஒரு நிழலாகவாவது இருந்தது. ஆனால் நிலத்துக்காகவும் வீட்டுக்காகவும் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிய வேலையைச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முன்னெடுத்தது டாக்டர் ஜெயகுமார் தேவராஜும் அவருடைய தோழர்களும் தொடங்கிய ‘அலைகள்’ போன்ற சமூக அமைப்புகள்தான். சபைகள் பெரும்பாலும் ஜெபத்தோடு நின்றுகொண்டன. வீடு இடிபடும்போது ஆறுதல் என்பது ஒரு வழக்கறிஞரைக் கூட்டிவருவதும்தான்.

திடீர்ச் சாவுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1973 அக்டோபர் 18 அன்று ஈப்போவில் குனோங் செரோ சுண்ணாம்புக் குன்றின் ஒரு பாளம் பெயர்ந்து அடிவாரத்து நீண்ட வீட்டின் மேல் விழுந்ததில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர்; கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் இருக்கும் அதே குன்று. 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் படகுத்துறையின் மேல்தளம் இடிந்து 32 பேர் இறந்து, 1,600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவும் பினாங்கில் குவான் யின் விழாவும் ஒன்றாக வந்த நாள் அது. பேராக்கிலிருந்து பஸ் பஸ்ஸாகப் போகும் திருவிழா. அதற்குப் பிறகும் அன்னாள் திருவிழாவுக்குக் கூட்டம் போவது நிற்கவில்லை. யாத்திரை போகும் வழியிலா கடவுள் இப்படிச் செய்வார் என்று கேட்டு வீட்டிலிருந்துவிடுவதைவிடத் திரும்பவும் போவதையே மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020 மார்ச் 18க்குப் பிறகு கோவிட் முடக்கத்தில் ஆலயங்கள் மூடிக் கிடந்தன. உடலைத் தொடாமல், முகம் பார்க்காமல், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு அடக்கம். சயாமின் துயரம் எண்பது ஆண்டு கழித்து வேறு உடுப்பில் திரும்பியது. அந்த ஆண்டு வத்திக்கான் கல்லறைத் திருநாளுக்குரிய பேறுபலன்களை நவம்பர் மாதம் முழுவதற்கும் நீட்டித்தது. கூட்டம் சேராமல் ஒவ்வொரு நாளாகப் போய் மெழுகுவர்த்தி வைத்துவரலாம். அலுவலக ஆணைதான், ஆனால் துக்கத்தின் தேவை என்ன என்று தெரிந்தவர்கள் எழுதியது.

கடல் தாண்டிப் பார்த்தாலும் இதே நிலைதான். 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில் புனித பேதுரு பவுல் ஆலயத்தில் தஞ்சம் புகுந்த மக்கள் மேல் விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பலி. அங்கே ஆண்டுதோறும் நினைவு வழிபாடு நடக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை வேளாங்கண்ணிக் கரையில் சுனாமி அள்ளிச்சென்றவர்களில் கிறிஸ்துமசுக்கு வந்த வெளியூர் யாத்திரிகர் பலர். அடையாளம் காணாமலே கூட்டாகப் புதைக்கப்பட்டவர்கள் நிறைய. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர் போனார்கள். நவாலிக்கும் மட்டக்களப்புக்கும் நாள் உண்டு, பெயர்ப்பட்டியல் உண்டு. அடையாளம் தெரியாமல் புதைந்த வேளாங்கண்ணி யாத்திரிகருக்கு நாள் உண்டு, பெயர் இல்லை. பேராக்கின் சயாம் தமிழருக்கு இரண்டுமே இல்லாமல் நெடுங்காலம் போய்விட்டது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் வந்து, மரண ரயில் ஆர்வலர் குழுவினர் உயிரோடிருந்தவர்களைத் தேடிப் பதிவுசெய்யத் தொடங்கிய பிறகுதான் அது பொதுப் பேச்சாயிற்று. சபைகள் இதில் முந்திக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காஞ்சனாபுரியில் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்த ஆலய வளாகத்தில் 2023இல் தாய்லாந்துத் தமிழர்கள் ஒரு நடுகல் எழுப்பினார்கள். மலேசியாவிலிருந்து போகும் குடும்பங்கள் இப்போது அங்கே நின்று கும்பிடுகிறார்கள். ஜெபமாலையை எடுப்பவர்களும் உண்டு. புத்தர் கோயிலில் நிற்கும் தமிழ்க் கல்லுக்கு முன்னால் கத்தோலிக்கர் ஜெபிப்பது சரியா என்று கேட்பவரிடம் எனக்குப் பேச எதுவுமில்லை. அங்கே மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களையும் சேர்த்து ஜெபிக்காத கிறிஸ்தவ ஜெபம் தன் லயத்து அண்டை வீட்டுக்காரனையே மறந்துவிட்ட ஜெபம்.

இடம் ஒருவாறு கிடைத்துவிட்டது, மிஞ்சியிருப்பது பெயர். இந்துக் குடும்பங்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல்களில் தப்பியவைதான் கதி. கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கின்றன. 1930களில் திருமணம் செய்து, 1942 வரை பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் மற்றவர் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாகவும் பதிவில் வந்துகொண்டிருந்த ஒருவன், 1946க்குப் பிறகு எந்த ஏட்டிலும் வராமல், மரணப் பதிவிலும் இல்லாமல் போனால், அவனைப் பற்றி வீட்டாரிடம் விசாரிக்கலாம். அவன் மனைவி மறுமணம் செய்திருந்தால் அதற்கான விசாரணைக் காகிதத்தைத் தேடலாம். ஒரு பங்குக்கு ஒரு வருட வேலை. அந்த ஏடுகள் லத்தீனில் எழுதப்பட்டவை என்பது ஒரு சிக்கல். வீட்டில் அருளப்பனாக இருப்பவர் அதில் யோவான்னெஸ் ஆகியிருப்பார். இராயப்பன் பெத்ருஸ், சூசை யோசேபுஸ். எந்த யோவான்னெஸ் எந்த லயத்து அருளப்பன் என்று சொல்லக்கூடிய உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். முதலில் போக வேண்டியது அவர்கள் வீட்டுக்கு.